பிள்ளைக்காம்பராவுக்கு வந்த வகுப்பு

கஹவத்தை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு வெள்ளைத் துணி.

"நடக்க முடியாத புள்ளைக்கு எதுக்குடி யூனிபோம்?" என்றாள் மூத்தவள்.

"அவ இப்ப மூணாம் வகுப்பு, அக்கா."

"யாரு தூக்கிட்டுப் போறா? நீதான் கொழுந்து பறிக்கப் போறப்போ புள்ளக்காம்பராவுல, தொட்டில் புள்ளைகளோட விட்டுட்டுப் போறியே."

"இப்பவும் அங்கதான் விடுறேன். புது டீச்சர் ஒரு நாள் வந்து அவளப் பார்த்தாங்க. மறுநாளே மூணாம் வகுப்ப அங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. தொட்டிலுக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படிக்குதுங்க."

மூத்தவள் வெற்றிலையை மெல்லாமல் வாயில் அப்படியே வைத்திருந்தாள்.

"முழு வகுப்பையுமா?"

"கரும்பலகையோட!"

"அஞ்சு முடிஞ்சா டவுன் பள்ளிக்கூடமாச்சே. அப்ப என்னடி செய்வ?"

"அதுதான் அக்கா பயமா இருக்கு. கூடப் படிக்கிறதுங்க என்ன சொல்லுதுங்க தெரியுமா? டவுன் பள்ளிக்கூடத்தையும் இங்க கொண்டாந்துருவோமாம். பள்ளிக்கூடம்னா தூக்கிட்டு வர்ற சாமான்னு நெனப்பு, கழுதைங்களுக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதடி. இது வரலியா? அதுவும் வரும்."