தங்கம்மா அக்காவைத் தக்கவைத்த விதம்

எனக்குக் காபி ஒத்துக்காதுங்க இன்ஸ்பெக்டரய்யா, டீயே சொல்லிடுங்க. பேரு ஜெப்சன். இருபது வருசமா இந்தக் காபி எஸ்டேட்டுல ரைட்டர். காலைப் பெரட்டுல வேலையாளுங்க பேரைக் கூப்பிட்டு, வந்தவங்களுக்குக் குறி போடறது நம்ம வேலை.

போன வருசம் கம்பெனிக்காரங்க என்னைத் திறமை மேலாண்மை அலுவலர்னு ஆக்கி, முந்நூறு ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பி வச்சாங்க. ஒண்ணு விடாம படிச்சேனுங்க. திறமை எல்லார்கிட்டயும் இருக்குதுன்னு பாதிப் பேர். இல்லை, நூத்துல நாலு பேர்கிட்டதான்னு மீதிப் பேர். திறமைன்னா என்னன்னே இன்னும் முடிவாகலையாமா. எனக்கு நொம்பக் கோவம். ஆனா ஒரு விசயத்துல எல்லாரும் ஒத்துப்போறாங்க. திறமைசாலியை வெளிய விட்டுடக் கூடாது.

எங்ககிட்ட இருந்த திறமைசாலி தங்கம்மா அக்காதானுங்க. கூடை நெறையப் பழம் பறிச்சாலும் ஒரு பச்சைக்காய் இருக்காது. மார்கழியில, பறிப்பு மும்முரமா நடக்கறப்ப வந்து, "ரைட்டரய்யா, எம்பொண்ணு பானுவுக்குத் தலைப்பிரசவமுங்க. திருப்பூருக்குப் போறேன், இனி வரமாட்டேனுங்க"ன்னாங்க. கணக்கு முடிச்சுத் தர்றேன் வாங்கக்கான்னு காபிக்கொட்டை குடோனுக்குள்ள கூட்டிட்டுப் போயி, வெளிய பூட்டுனேன்.

கொடுமை ஒண்ணும் பண்ணலைங்க. ஒண்டிக்கடையில இருந்து மூணு வேளைச் சாப்பாடு, ஞாயித்துக்கிழமை கறி. சத்தம் கேட்டு வந்தவங்ககிட்ட உள்ள பயிற்சி நடக்குதுன்னு சொன்னேன். தினமும் கதவுக்கு வெளிய நின்னு பேரைக் கூப்பிடுவேன். "தொறங்கய்யா, எம்புள்ள அங்க தனியாக் கெடக்குது"ன்னு அழுவாங்க. குரல் வந்தா ஆள் வந்த மாதிரிதானுங்களே? குறி போட்டுருவேன். மாசக் கடைசியில வேலை திருப்தியான்னு பத்துக் கேள்வி கேட்டேன். பத்துக்கும் அதே பதிலு. வெளியில வாய்ப்புகளை எதிர்பாக்கறாங்கன்னு எழுதி அனுப்புனேன். கம்பெனியில பாராட்டுனாங்க.

வாசல்ல கைக்குழந்தையோட நிக்குதே, அதுதான் பானு. அந்தப் பொண்ணுக்கும் அம்மா மாதிரியே பழம் பறிக்கத் தோதான நீள விரலுங்க. ஊட்டுல இருந்து அதுக்கும் ஒரு பாய் கொண்டாந்து உள்ள போட்டு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க பூட்டை உடைச்சிட்டீங்க.

அடைச்சு வச்சேன்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். பிடிக்காம இருந்தாங்கன்னு மட்டும் எழுதாதீங்க. உள்ள பேப்பர், பேனா எல்லாம் வச்சிருந்தேனுங்க. ராஜினாமா எழுதிக் கதவுக்கடியில தள்ளியிருந்தா அன்னைக்கே தொறந்திருப்பேன். அவங்க கைநாட்டுதான், வாராவாரம் வாங்கறவன் நானே. ஆனா நாப்பத்தொரு நாள் இருந்துச்சேங்க, எழுதக் கத்துக்கிட்டிருக்கலாமில்ல?