பின் சீட்டுக்கு அடியில் பதினான்காவது ஓட்டை

கடலோரத்தில் கார் மேலேயிருந்து கெடாது, கீழேயிருந்துதான் கெடும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும்; மிதியடியைத் தூக்கினால் அடித்தகடு அப்பளமாக நொறுங்கும். உச்சிப்புளியில் பன்னிரண்டு வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓட்டை அடைப்பதில் என்னைக் குறை சொன்ன ஆள் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

பாண்டித்துரையின் அம்பாசடர் தை மாதம் வந்தது. புதுமடம் தென்னந்தோப்பில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி. நம்பரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை. "ஏலே, புதுசாட்டம் ஆக்கிரு. ஏசியும் மாட்டு. மொத ஓட்டம் குலசாமி கோயிலுக்குப் போகணும்" என்றார்.

அபிராமத்துப் பக்கம் அவருடைய மிளகாய்த் தோட்டத்தில்தான் என் அம்மா ராக்குவைப் பாம்பு கடித்தது. எனக்கு அப்போது இருபது வயது. தூக்கிக்கொண்டு இதே வண்டிக்குத்தான் ஓடினேன். பின் கதவைத் திறந்தவர் சொன்னார், "சீட்டுத் துணி புதுசுலே. கீழ படுக்கப் போடு."

போட்டேன். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தாள். சீட்டு வழி முழுக்கக் காலியாகவே வந்தது. தகட்டில் அப்போதே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. "ஏய்யா, மூஞ்சியில பொகையா அடிக்குதுய்யா" என்றாள். கையால் பொத்திப் பார்த்தேன். பரமக்குடி வருவதற்குள் போய்விட்டாள். பாவி மனுசன், இறங்கியதும் சீட்டைத்தான் தடவிப் பார்த்தார்.

வேலையில் நான் ஏமாற்றவில்லை. துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் அடித்து, அடியில் தார் பூசினேன். மொத்தம் பதினான்கு ஓட்டை. பதின்மூன்றை அடைத்தேன். பின் சீட்டுக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் குழாயின் இணைப்பையும் தளர்த்தினேன். அவர் வண்டி, அவர் புகை. குடிக்கட்டுமே என்றிருந்தது.

அவர் தனியாகத்தான் போவார் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் பானுப்பிரியாவோடும் பேத்தி சிநேகாவோடும் வந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவனே நான்தான். "பிரேக் சரியில்லங்கய்யா, நாளைக்கு எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அந்த நாலு வயதுப் பிள்ளை செருப்புக் காலோடு பின் சீட்டில் ஏறிக் குதித்தது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை சார், ஆத்திரம்தான் வந்தது.

பாண்டித்துரை பிழைத்துக்கொண்டார். வெற்றிலை துப்புவதற்காகத் தன் பக்கக் கண்ணாடியைத் திறந்தே வைத்திருந்தாராம். பின்னால் இருந்த இரண்டு பேரும் தூங்குகிறார்கள் என்று நினைத்துக் கோயில் வரைக்கும் ஓட்டியிருக்கிறார்.

நேற்று நான் சொன்னதை அடித்துவிடுங்கள். குலசாமி கோயிலுக்கு எங்கள் பக்கம் எவனும் தனியாகப் போக மாட்டான். கிளம்பும்போது பானுப்பிரியா, "அண்ணே, பாப்பா கைய வெளிய நீட்டுது, கண்ணாடிய ஏத்திவிடுங்க" என்றாள். இடுக்கில்லாமல் ஏற்றிவிட்டேன்.