மேர்வின் அண்ணை பறக்காமல் விட்ட நாள்

மேர்வின் அண்ணையின் இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அண்ணையின் துணைவியார் றோசம்மா அக்கா, கடல் கடந்தும் மழையில் நடந்தும் வந்திருக்கும் நெடுந்தீவு மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம். நான் வேலணையில் பௌதிகம் படிப்பிக்கும் வினோஜா.

விமானப் பொறியியலாளர் அமரர் மேர்வின் அவர்கள் வெளிநாட்டில் பெரிய விமானங்களைத் திருத்தியவர். ஓய்வெடுக்கத்தான் ஊர் வந்தார் என்று நினைத்தோம். அவரோ பெட்டி பெட்டியாகப் பாகங்களைப் படகில் இறக்கி, தன் வீட்டு வளவிலேயே இருவர் அமரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டினார். விடுமுறைகளில் நானும் கைகொடுத்தேன். உப்புக் காற்றில் உலோகம் எவ்வளவு காலம் தாங்கும்? ஒவ்வொரு ஆணியையும் துடைத்து எண்ணெய் பூசுவார். குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருக்கும்.

பறக்க அனுமதி கிடைத்து, அவர் தனியாகப் பலமுறை பறந்தும் விட்டார். பிறகு, கோயில் திருநாளுக்கு மறுநாள், றோசம்மா அக்காவை ஏற்றுவதாக இருந்தது. விமானம் ஓடி எழும்பும் புல்வெளியில் ஊரே கூடி நின்றது. அக்கா புதுச் சேலையோடு இருக்கைப் பட்டியைப் பூட்டி அமர்ந்திருந்தார். முழு வேகம் கொடுத்தபோது எஞ்சின் ஒருமுறை இருமியது. அண்ணை அதை நிறுத்தினார்.

“இஞ்சேரும், இறங்கும். சத்தம் சரியில்லை.”

அக்கா உடனே பட்டியைக் கழற்றினார். இறங்கினார். சிலர் சிரித்தார்கள்.

“ஒருக்காத்தானே அண்ணை இருமினது, போகலாம்” என்றேன் நான்.

“நிலத்தில இருமினால் கழட்டிப் பாக்கலாம் ரீச்சர். கடலுக்கு மேல இருமினால் ஆரைக் கேக்கிறது?”

வாரக்கணக்காகத் தேடினோம். பிளக்கை மாற்றினோம், வடிகட்டியைக் கழுவினோம். இருமல் போகவில்லை. கடைசியில், வெளியே புதிதாய்த் தெரிந்த பெற்றோல் குழாயை நீளவாக்கில் வெட்டச் சொன்னார். உள்ளே றப்பர் தோலாய் உரிந்து கிடந்தது. எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தோல் எழும்பி வழியை அடைத்திருக்கிறது. அண்ணை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சிரித்தவர்களை அவர் ஒருநாளும் குத்திக் காட்டவில்லை.

குழாயை மாற்றிய பிறகு அக்கா பறந்த காலையில் காற்றே இல்லை. கண்ணாடி போலக் கிடந்த கடலில் விமானத்தின் நிழல் ஒரு திருக்கை மீனைப் போல நழுவிப் போனதை நான் கரையில் நின்று பார்த்தேன். இறங்கி வந்த அக்கா மெல்லச் சொன்னார்: “எங்கட வளவு ஒரு பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தது. மாடுகள் எள்ளுப் போல. திரும்பி வர மனமே வரேல்லை, ரீச்சர்.”

இந்த மாரியில் இதயம் தளர்ந்து, அண்ணை தன் கட்டிலிலேயே அமைதியாகக் கண் மூடினார். இப்படி ஒருவரை இந்தத் தீவு இனி எப்போது காணும்?

விமானத்தை விற்கச் சொல்லிப் பலர் அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

“நான் விக்க மாட்டன். எனக்கு ஓட்டப் பழக்க ஆரும் இருக்கினமோ?”

இருக்கிறார்கள், அக்கா. இங்கே வர முன்னரே தொலைபேசியில் ஒருவரைத் தேடிப் பிடித்து விட்டேன். விமானத்தின் ஒவ்வொரு குழாயையும் நானே பார்த்து வைப்பேன் என்று இந்தச் சபை முன் உறுதி தருகிறேன். மழை விட்டதும் அந்தப் புல்வெளிக்கு வாருங்கள்.