நூத்திப் பதினாலாவது டவரு

— சத்தமாப் பேசாதீங்கக்கா. அந்தப் பியூன் இங்கயே பாத்துக்கிட்டிருக்காரு. மறுபடி சொல்லுங்க, செழியண்ணன் போன்ல என்ன சொன்னாரு?

— ஆத்தீ, பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து அதைத்தான சொல்லிக்கிட்டிருக்கேன். நேத்து வெள்ளன ஆறரை மணி. ஒல வச்சிட்டு நிக்கிறேன், போனு அடிக்குது. என்னமோ வெளிநாட்டு நம்பரு. எடுத்தா எங்கூட்டு ஆளு கொரலு. கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி. “முனீஸு, காவக்காரன் தூங்குறான், இது அவன் போனு. போன வருசம் கரண்டுக் கம்பி இழுத்தோம்னு சொன்னேன்ல, நூத்திப் பதினாலாவது டவரு, அதுக்குக் கீழ ஒரு பள்ளிக்கூடம். அதுலதான் வச்சிருக்காங்க. காச்சலு கொல்லுது. நான் மட்டுந்தான்...” அம்புட்டுத்தான். கட்டாயிருச்சு.

— நான் மட்டுந்தான்னா?

— அவரு மட்டுந்தான் காச்சலாக் கெடக்காரு போல. ஒன் வீட்டுக்காரரு அக்மலு நல்லாத்தான் இருப்பாரு. நீ பயப்படாத தாயி.

— அக்கா, அந்த டவர் நம்பர இங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.

— என்ன தாயி இப்புடிச் சொல்ற? வேலைக்குப் போன நாட்டுல ரெண்டு பேரையும் தீவிரவாதிங்க வேனோட தூக்கிட்டுப் போயி இன்னியோட இருபத்தி மூணு நாளு. நானும் மில்லுல லீவு சொல்லிட்டு வந்து ஒங்கூட இந்தக் கவர்மெண்டு ஆபீசு பெஞ்சத் தேச்சுக்கிட்டுக் கெடக்கேன். இங்க ஆபீசரு ஸ்தனிஸ்லாஸ் சாரு தெனமும் என்ன கேக்காரு? “எங்க வச்சிருக்காங்கன்னு ஒரு துப்புக் கெடச்சாப் போதும்மா, அந்த நாட்டுப் பட்டாளம் தயாரா நிக்குது, கூட வெள்ளக்காரப் பட்டாளமும் நிக்குது”ன்னுதான?

— அந்த வெள்ளக்காரன நெனச்சாத்தான்க்கா எனக்கு ஈரக்கொல நடுங்குது. சொல்றதக் கேளுங்க. முன்னாடி ஒரு வெள்ளக்காரன் அங்க இருந்தான், தீவிரவாதிய ஒழிச்சுத் தர்றேன்னு. வருசக்கணக்கா இருந்தும் ஒழிச்சபாடில்ல. அவனப் போகச் சொல்லிட்டு இப்ப வேற ஒருத்தனக் கூட்டியாந்திருக்காங்க. இவனுக்கு அந்த ஊரு பாஷையும் தெரியாது, நம்மாளுக மூஞ்சியும் தெரியாது. போன மாசம் லாரி டிரைவருங்க மூணு பேர மீக்கப் போறேன்னு போயி, மேல இருந்து குண்டு போட்டுருக்கான். சந்த கூடுற நாளு. புடிச்சு வச்சவனும் செத்தான், புடிபட்டவனும் செத்தான், வெங்காயம் வாங்க வந்தவனும் செத்தான்.

— இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா? டிவியில ஒண்ணும் வரலையே.

— மூசான்னு கம்பெனி டிரைவரு, அந்த ஊருக்காரரு. எங்க மச்சானும் அவரும் ஜும்மாத் தொழுகைக்கு ஒண்ணாத்தான் போவாங்க. அரைகொறை இங்கிலீஷ்ல எங்கிட்ட வாட்ஸப்புல பேசுவாரு. அவரோட மாமனாரு ஊர்ப் பெரியவரு. துப்பாக்கிக்காரங்க அவரு பேச்சுக்கு மட்டுங் கொஞ்சம் கட்டுப்படுவாங்களாம். அந்தக் கரண்டு பட்டாளத்து முகாமுக்குப் போகுதுன்னுதான அவங்களுக்குக் கோவம்? கம்பி இழுக்குற வேலைய நிப்பாட்டுனா ரெண்டு பேரையும் விட்டுர்றோம்னு சொல்லியிருக்காங்க. கம்பெனியும் சரின்னுருச்சு. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்கன்னாரு மூசா. இன்னும் ரெண்டே நாளுக்கா.

— அந்தப் பெரியவரு யாரு பக்கம்?

— ரெண்டு பக்கமுந்தான். காலைல பட்டாளம் வந்தா அதுக்கும் சோறு போடணும், பொழுது சாய இவங்க வந்தா இவங்களுக்கும் போடணும். இல்லாட்டி ஊரு மிஞ்சாது.

— அப்புடிப்பட்ட ஆள நம்பியா எம்புருசன் உசுர வைக்கச் சொல்ற? ஸ்தனிஸ்லாஸ் சாரு நம்ம கவர்மெண்டு ஆளு. நம்ம வீட்டுக்கு வந்து, தரையில ஒக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போன மனுசன். அவரு பேச்ச நம்புறதா, தீவிரவாதிக்குச் சோறு போடுற கெழவன நம்புறதா?

— சாரு நல்லவருதான்க்கா, நான் இல்லைங்கல. ஆனா துப்பாக்கி சாரு கையிலயா இருக்கு?

— நீ படிச்சவ, வாயில வெல்ல முடியுமா ஒன்னைய? வீட்டுக்குப் போனா மாமியா வாசல்லயே நிக்குது, “என்னத்தா சொன்னாக, என்னத்தா சொன்னாக”ன்னு. அந்த மனுசன் காச்சல்ல கெடக்காரு பாஸிலா. ரெண்டு நாளு தாங்குமோ தாங்காதோ.

— தாங்கும்க்கா. மருந்து போயிருக்கு.

— மருந்தா? யாரு குடுத்தா?

— அது வந்து...

— பாஸிலா, என்னைய நிமுந்து பாரு. யாரு மருந்து குடுத்தா?

— மச்சான்.

— அக்மலா? அவரும் உள்ள அடைபட்டுக் கெடக்குற ஆளுதான. மருந்துக்கு எங்க போவாரு?

— ஞாயித்துக்கெழமயே அவர மட்டும் விட்டுட்டாங்கக்கா. குர்ஆன் ஓதத் தெரியுமான்னு கேட்டாங்களாம். ஓதிக் காமிச்சாராம். நீ போகலாம்னுட்டாங்க. மூசா வீட்டுலதான் ஒளிச்சு வச்சிருந்தாரு.

— ஆத்தீ! ஞாயித்துக்கெழமையா? திங்கக்கெழம ஒன் வீட்டுலதான ஒக்காந்து சோறு தின்னேன்? எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான கொழம்பு ஊத்துன? அப்ப “நான் மட்டுந்தான்”னு அவரு சொன்னது... அய்யோ, நான் மட்டுந்தான் கெடக்கேன்னு சொல்ல வந்திருக்காரு. தனியாவா போட்டு வச்சிருக்கானுக?

— ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலக்கா.

— எப்புடி வரும்? ஒன் ஆளு வெளிய வந்துட்டாரு. இப்பப் பட்டாளம் போனா மூசா வீடுஞ் சேந்து எரியும்னு ஒனக்குப் பயம். அதுக்குத்தான் பொறு பொறுங்குற. எம்புருசனுக்காக இல்ல.

— ரெண்டு நாளு அப்புடித்தான் நெனச்சேன். மறைக்கல. நீங்க போன் பண்ணுனாக்கூட எடுக்கப் பயந்துக்கிட்டு அடுப்படியில நின்னேன். இப்ப அப்புடி இல்லக்கா.

— இப்ப மட்டும் என்ன வந்துச்சாம்?

— மச்சான் மூசா வீட்டுல இல்ல. நேத்து மத்தியானம் மாத்திரையும் ஒரு போர்வையும் வாங்கிக்கிட்டு, நடந்தே அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போயிட்டாரு.

— திரும்பியா? எதுக்கு?

— செழியண்ணனப் பாத்துக்க. போன்ல தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன், போகாதீங்கன்னு. “ஒரே பிளைட்டுல ஏறி வந்தோம் பாஸி. காச்சக்காரனத் தனியா விட்டுட்டு நான் வந்து நம்ம பேகம்பூர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்குறது?”ன்னாரு. அதுக்கப்புறம் பேசல. போன மூசாகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாராம். அவங்களும் உள்ள விட்டுக் கதவப் பூட்டிட்டாங்களாம்.

— அப்ப ரெண்டு பேருமா உள்ள இருக்காக?

— ஆமாக்கா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— வேணாம். நான் பாவி தாயி.

— ஏன்க்கா?

— சொல்லிட்டேன்.

— என்னத்த?

— காலைல ஏழு மணிக்கே ஸ்தனிஸ்லாஸ் சாருக்குப் போன் போட்டு, நூத்திப் பதினாலுன்னு சொல்லிட்டேன். நேத்துப் பூரா வாயப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன். காச்சலுன்னு சொன்ன கொரலு காத விட்டுப் போகல. முடியல பாஸிலா.

— யா அல்லாஹ்! அப்ப இம்புட்டு நேரம் எங்கிட்ட...

— நீயும் சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நெஞ்சு ஆறும்னு நெனச்சேன். நீ வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல எனக்கு வாயி அடைச்சுப் போச்சு.

— எந்திரிங்க. உள்ள போயி நிறுத்தச் சொல்லுவோம். எந்திரிங்கக்கா!

— அந்தா, சாரே வாராரு.

— என்னம்மா, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? உள்ள கூப்பிடலாம்னுதான் வந்தேன். அட, அழாதீங்க. நல்ல சேதி. முனீஸ்வரி குடுத்த தகவல எட்டு மணிக்கே டெல்லிக்கு அனுப்பிட்டேன். இப்பத்தான் பதில் வந்துச்சு.

— சார், வேணாம் சார். நான் சொன்னது தப்பு சார். அந்த நம்பரு இல்ல சார்.

— என்னம்மா சொல்றீங்க? காலையில அவ்வளவு தெளிவாச் சொன்னீங்களே?

— பெரியவர் ஒருத்தர் பேசி முடிச்சிட்டாரு சார். வெள்ளிக்கெழம விட்டுருவாங்க. இப்பப் பட்டாளம் போனா எல்லாமே கெட்டுப் போகும். தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க சார்.

— பாஸிலாம்மா, இது நான் நிறுத்துற காரியம் இல்லையே. டெல்லியில இருந்து அந்த நாட்டுக்குச் சொல்லியாச்சு, அவங்க அந்த வெளிநாட்டுப் படைக்குச் சொல்லிட்டாங்க. அங்க இப்பத்தான் விடியுதாம். ஹெலிகாப்டர் கெளம்பிருச்சு. ஒரு மணி நேரத்துல போயிரும்னாங்க.

— உள்ள நம்ம ஆளு ரெண்டு பேரு இருக்காங்கன்னு அந்த வெள்ளக்காரங்களுக்குத் தெரியுமா சார்?

— நம்ம சைடுல தெளிவாச் சொல்லியிருக்கோம்மா. அது அவங்க வரைக்கும்... போயிருக்கும்னுதான் நம்புறேன். இருங்க, நான் மறுபடி டெல்லிக்குப் போட்டுப் பாக்குறேன். யாராவது எடுக்கணும். இங்கயே இருங்க.

— போயிட்டாரு. அவரு போட்டு, அவுக எடுத்து, இவுகளுக்குச் சொல்லி... அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். பாஸிலா, அந்த மூசாவுக்குப் போன் போடு.

— மூசாவுக்கா?

— அவரு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எம்புட்டுத் தூரம்?

— ரெண்டு கிலோமீட்டருன்னாரு. பைக்கு இருக்கு. அக்கா, நீங்க சொல்றது புரியுதா ஒங்களுக்கு? பட்டாளம் வருதுன்னு துப்பாக்கிக்காரங்களுக்குத் துப்புக் குடுக்குறது. நாளைக்குப் போலீசு யாரு போன் பண்ணுனதுன்னு நம்பர எடுத்துப் பாக்கும். பாஸிலான்னு என் பேரப் பாத்தாலே போதும், அப்புறம் என்ன பேசுவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும்ல? எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போக முடியாதுக்கா.

— தெரியும் தாயி. அதுக்குத்தான் அவரு நம்பரச் சொல்லுங்குறேன், எம் போன்ல இருந்து நானே அடிக்கிறேன். ஹெலிகாப்டர் வருது, அவனுகள எங்காளுக ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு எங்கிட்டாச்சும் ஓடச் சொல்லுன்னு இங்கிலீஷ்ல எப்புடிச் சொல்றது, அத மட்டும் எனக்குச் சொல்லிக் குடு.