பெரிய நாம்பன் வேண்டாம் என்று சொன்ன டொக்டர் றெஜினாவுக்கு

“ஆர் அளந்தது?”

“அளக்கேல்லை டொக்டர். பெரிய மாடுதானே எண்டு…”

“உயரம் பெரிசு. இடுப்பெலும்பு வாசலும் பெரிசோ? அதைக் கண்ணாலை பாத்தனீரோ சிவகரன்?”

நாங்கள் சுற்றி நின்றோம். உறைந்த விந்து வைக்கும் கலனின் மூடியைத் திறந்த சிவகரன் அண்ணை அதை மூட மறந்து நின்றார். வெள்ளைப் புகை வழிந்து அவருடைய சப்பாத்தைச் சுற்றித் தவழ்ந்தது.

மாரி மழையிலும் மாட்டுக் கொட்டில் தேடி வந்த எங்கள் மருத்துவரே! பசுக்கண்டு கண் திறக்கு முன்பே அதன் கனத்தைக் கணித்தவரே! எங்கள் பணிமனையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கிய டொக்டர் றெஜினா சவரிமுத்து அம்மா அவர்களே!

ஒரு பாராட்டு மடல் இப்படித் தொடங்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். முதலில் முறைப்படிதான் எழுதினோம். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் சிவகரன் அண்ணை அதை வாசித்துவிட்டு, “இது ஆரைப் பற்றி? எங்கடை டொக்டரைப் பற்றியோ, கோயில் வாசல் சிங்கத்தைப் பற்றியோ?” என்று கேட்டார். அதைக் கிழித்துவிட்டு, மனதில் இருப்பதை எழுதுகிறோம். மனதில் இருப்பது பயம்.

எதற்குப் பயம் என்று இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அச்சுவேலிச் சந்தைக்கு அப்பால் ஆரபியின் வீட்டில் ஒரு நாகு, இளம் பசு, தன் முதல் கன்றான தலைக்கண்டு போட நிற்கிறது. அந்தக் கண்டின் தகப்பன், இறைச்சி மாட்டுத் திட்டக்காரர் எங்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போன படத்தில் நிற்கும் கறுத்த நாம்பன் காளை. கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன, கதவை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல் நிற்கும் அந்தப் பெரிய உடம்பு. அவ்வளவு பெரியவனின் பிள்ளை, ஒடுக்கமான ஒரு வாசலால் வெளியே வர வேண்டும். நீங்களோ இன்றுடன் ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் இடத்துக்கு இன்னும் எவரும் வரவில்லை. பதிலுக்குப் பார்க்கும் டொக்டர் நல்லவர். ஆனால் அவருக்கு வேறு இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன.

அம்மா, உங்களிடம் நாங்கள் கற்ற அறிவே இப்போது எங்கள் நித்திரையைக் கெடுக்கிறது. ஒருநாள் ஆரபி தன்னுடைய இரண்டு மாடுகளையும் காட்டி உங்களிடம் கேட்டாள்.

“ஒரே தாய், ஒரே தேப்பன். அக்கா கட்டை, தங்கச்சி நெட்டை. ஏன் டொக்டர்?”

நீங்கள் கையைக் கழுவியபடி சொன்னீர்கள்: “பரம்பரையலகு எண்டது ஒண்டு ரெண்டில்லை பிள்ளை. உடம்பின்ரை அளவுக்கெண்டு மட்டும் ஆயிரக்கணக்கிலை கிடக்கு. ஒவ்வொண்டும் சொட்டுச் சொட்டாத்தான் கூட்டும், குறைக்கும். தாயிட்டையிருந்து பாதி, தேப்பனிட்டையிருந்து பாதி. எந்தப் பாதி வந்து விழும் எண்டு ஆரும் சொல்லேலாது.”

“எங்கடை வீட்டையும் உதுதான் டொக்டர்,” என்றார் சிவகரன் அண்ணை. “நான் கட்டை, தம்பி தென்னை மரம்.”

“உம்மடை தம்பியைப் பெற அம்மா பட்ட பாட்டை ஒருக்காக் கேட்டுப் பாரும். பிறகு சிரியும்.”

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. “பகிடி இல்லை,” என்றீர்கள். “கண்டு பிறக்கேக்கை வாற பாரத்துக்கு ஒரு கூட்டம் அலகுகள். வளந்தாப் பிறகு வாற பாரத்துக்கு இன்னொரு கூட்டம். ஆனா ரெண்டு கூட்டத்திலையும் கனபேர் ஒரே ஆக்கள். வளந்து பெரிசா வரவேணுமெண்டு நாம்பனைத் தெரிஞ்செடுத்தா, அந்த ஆக்கள் தாயின்ரை வயித்துக்குள்ளையே வேலையைத் துவங்கியிடுவினம்.”

அன்று முதல் அந்தச் சுவர்ப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் இருட்டுக்குள் இருந்து கல்லும் மண்ணும் சுமந்து எதையோ கட்டிக்கொண்டிருப்பதுபோல் எங்களுக்குத் தோன்றும். அந்தக் கூட்டத்தை நிறுத்தச் சொல்ல எவராலும் முடியாது.

எல்லாப் பெரிய நாம்பனும் அப்படியல்ல என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். சிறிதாகப் பிறந்து பிறகு விறுவிறென்று வளரும் கண்டுகளைத் தரும் நாம்பன்களும் உண்டு, தேடினால் கிடைக்கும். நீங்கள் தேடினீர்கள். எந்த நாம்பனின் கண்டு எந்த மாட்டைக் கஷ்டப்படுத்தியது என்று வீடு வீடாகக் கேட்டீர்கள். பொறுமையின் பெருமையே! உங்கள் கேள்விகளால் உயிர் பிழைத்த பசுக்கள் வலிகாமத்தில் இன்றும் புல் மேய்கின்றன. அவற்றுக்கு உங்கள் பெயர் தெரியாது.

நெட்டைத் தங்கச்சியான அந்த நாகுக்குச் சின்ன இன நாம்பன் மட்டும்தான் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. உயரத்தைத் தகப்பனிடமிருந்தும் இடுப்பைத் தன் சின்னத் தாயிடமிருந்தும் எடுத்த மாடு அது என்பதைக் கை வைத்துப் பார்த்த நீங்கள் மட்டுமே அறிந்திருந்தீர்கள். நீங்கள் ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்த நாளில், மாடு விடியத்தொட்டுக் கத்துகிறது, இன்றே ஊசி போட வேண்டும் என்று ஆரபி அழைத்தாள். சின்ன இனத்தின் விந்து முடிந்திருந்தது. திட்டக்காரர் தந்தது மட்டும் இருந்தது. கொட்டிலின் வாசலில் நின்று நாங்கள் அந்த நெடிய மாட்டை நிமிர்ந்து பார்த்தோம். டொக்டருக்கு எப்போதும் அளவுக்கு மிஞ்சிய கவனம் என்று பேசிக்கொண்டோம். “பெரிய கண்டெண்டால் நல்லதுதானே அண்ணை?” என்று ஆரபியும் கேட்டாள்.

திரும்பி வந்து, இந்த மடலின் தொடக்கத்தில் உள்ளபடி “ஆர் அளந்தது?” என்று விசாரித்த நீங்கள், கடைசியில் உங்களையே நொந்துகொண்டீர்கள். “கொட்டிலுக்குள்ளை நிண்டு மாட்டின்ரை பெருப்பம் சிறுப்பம் கதைச்சா நாவூறு பட்டிடும் எண்டு ஆரபியின்ரை மாமி துள்ளுவா. பிறகு என்னை உள்ளுக்கு விட்டிருப்பாவோ? அதுதான் வாயைப் பொத்தினனான். வெளியிலை வந்தெண்டாலும் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்.” இந்த ஊரின் மனதை அறிந்து நடந்த உங்கள் மரியாதையும், காரணம் கேட்டறியாத எங்கள் அவசரமும் ஒரே நாளில் சந்தித்துக்கொண்டன. கலைக்க ஊசி போடலாம் என்று நீங்கள் கேட்டபோது, வயிற்றில் வந்ததை அழிக்கக் கூடாது என்று மாமி மறுத்துவிட்டார்.

உங்கள் ஓய்வு நாளுக்கு முன் கண்டு பிறந்துவிடும் என்று நம்பியிருந்தோம். பெரிய இனத்துக் கண்டுகள் பிந்தித்தான் பிறக்கும் என்று நீங்கள் சொல்லும்வரை அதை யோசிக்கவில்லை. பிந்துகிற ஒவ்வொரு நாளும் அது வளர்கிறது. ஆரபியின் கணவருக்குக் கடலில் வேலை, மாதக்கணக்கில் வீட்டில் இல்லை. அவள் கொட்டிலுக்கும் அடுப்படிக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறாள். “மாடு என்னைப் பாக்குது அண்ணை. ஏதோ கேக்கிற மாதிரிப் பாக்குது,” என்கிறாள்.

அம்மா, போன வருடம் ஒரு மாடு விழுந்து உங்கள் வலது தோளை நசுக்கியது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கையைக் கட்டி அனுப்பினார்கள். இனி எதையும் இழுக்கக்கூடாது என்றார்கள். அதன் பிறகும் நீங்கள் கொட்டிலுக்கு வந்தீர்கள். இடது கையால் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு, எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொன்னீர்கள். உங்கள் குரல் உயரவே மாட்டாது. அந்தக் குரல் இருக்கும் இடத்தில் எங்கள் கைகளுக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. நாளை முதல் தெரியாது.

உங்கள் தோள் வலி தீரட்டும். நித்திரையைக் கலைக்கும் தொலைபேசி இனி உங்களுக்கு ஒலிக்காதிருக்கட்டும். மழை பெய்தால் அதை யன்னலால் பார்க்கும் சுகம் வாய்க்கட்டும். பேரப்பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு கீறி அளக்கும் அளவுக்கு நீண்ட, நோயற்ற வாழ்வு உங்களுக்குக் கிடைக்கட்டும்!

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
பணிமனைப் பணியாளர்கள்.

(மேலே உள்ளது நேற்று அச்சானது. மடலை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் இருந்து பேனாவால் இதை எழுதி மேடைக்கு அனுப்புகிறோம். வாசிப்பவர் இதையும் உரக்க வாசிக்கவும்.)

அம்மா, ஆரபி இப்போதுதான் அழைத்தாள். “ரெண்டு காலும் வந்திட்டுது அண்ணை. குளம்பைப் பாக்கவே பயமாக் கிடக்கு. காலோடை வரவேண்டிய மூக்கைக் காணேல்லை. மாடு படுத்திட்டுது.” பதிலுக்குப் பார்க்கும் டொக்டர் கொடிகாமத்தில் இன்னொரு மாட்டுக்கு வயிறு கீறிக்கொண்டிருக்கிறார், முடித்துத் தைத்துவிட்டுத்தான் புறப்படுவார். சிவகரன் அண்ணை கயிறும் சவர்க்காரமும் எடுத்து வான் வண்டியில் ஏற்றிவிட்டார். இழுப்பதா, இழுக்காமல் டொக்டர் வரும்வரை காப்பதா என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. உங்கள் கையை நாங்கள் கேட்கவில்லை. கழுத்தில் மாலையோடு, இன்னும் சாப்பிடாமல் இருக்கும் உங்களிடம் இதைக் கேட்பது சரியில்லை என்பதும் தெரியும். வான் வாசலில் நிற்கிறது. அம்மா, எங்களோடு ஒருக்கால் வருவீர்களா?