நான் சொன்ன பொருள்

ஜெர்மன் கஷ்டமான மொழி என்று சொல்கிறவர்கள் அதைப் பொறுமையாகப் படிக்காதவர்கள். அதில் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். தமிழிலும் அப்படித்தானே. கடைசிவரை காத்திருக்கத் தெரிந்தவனுக்கு அந்த மொழி தானாக வசப்படும். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

என் பெயர் பிரசாத். ஹைதராபாத்தில் கச்சிபௌலியில் வேலை. ஜெர்மனியிலிருந்து வரும் இயந்திரக் குறிப்புகளை எங்கள் இன்ஜினியர்களுக்குப் புரியும்படி மாற்றித் தருவது என் பொறுப்பு. இதுவரை ஒரு தவறு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்வாலுக்குப் போவேன், தனசிங் அங்கிள் வீட்டுக்கு. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐவி ஆன்ட்டி இன்னும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். அவர்களுடைய மகன் கலேப் என்னோடு படித்தவன். அவன் இறந்து மூன்று வருடமாகிறது. மகள் எமி கல்லூரியில் கடைசி வருடம்.

எதையும் மறைக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியிலிருந்து எக்ஸ்சேஞ்ச் மாணவர்களாக ஒரு வருடம் ஜெர்மனிக்குப் போக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், மெக்கானிக்கலில் என்னையும் கலேப்பையும். அதற்காக நான் இரண்டு வருடம், வாரத்தில் மூன்று நாள், செகந்திராபாத்திலிருந்து பஸ் மாறிப் போய் ஜெர்மன் படித்தேன். கலேப் விமானத்தில் ஏறிய பிறகுதான் படிக்க ஆரம்பித்தான். நன்றி, மன்னிக்கவும், அழகாக இருக்கிறது. இந்த மூன்றோடு இறங்கினான்.

"நீ இருக்கைல எனக்கு எதுக்குடா ஜெர்மன்? நீதான் என் நாக்கு," என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அவனுக்குக் கேலி வராது. நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வது, வங்கி, இன்சூரன்ஸ், வீடு, எல்லா இடத்திலும் இரண்டு பேருக்குமாக நான்தான் பேசினேன். பேசுவது நான். பதில் சொல்லும்போது அவர்கள் பார்ப்பது கலேப்பை. சிரிப்பதும் அவனைப் பார்த்துத்தான். அப்படி ஒரு முகம் அவனுக்கு. நான் ஒரு கதவு மாதிரி இருவருக்கும் நடுவில் நிற்பேன்.

முதல் முறை அது விளையாட்டாகத்தான் நடந்தது. கலேப் குளிக்கும்போது பாடுவான். அவர்கள் சபையில் பாடகர் குழுவில் இருந்தவன், நல்ல குரல். வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் எங்களை நிறுத்தி, காலையில் பாட வேண்டாம், தனக்குத் தலைவலி என்று மரியாதையாகச் சொன்னார்.

"என்னடா சொல்றாங்க?" என்று கேட்டான் கலேப்.

"உன் குரல் நல்லா இருக்காம். கீழ சரியா கேக்கலையாம்," என்றேன்.

மறுநாள் அவன் இன்னும் சத்தமாகப் பாடினான். அந்த அம்மாள் நான்கு நாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று தெரியாமல் அவன் தவித்ததைப் பார்க்க எனக்கு ஒரு அமைதி கிடைத்தது. அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாம் நாள் அவன், ஐவி ஆன்ட்டி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினான். தன்னுடைய மூன்று சொற்களையும் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மாள் தன் வீட்டு மரத்தடியில் அவனைப் பாட வைத்தார். நான் பாட்டின் பொருளை விருந்தினர்களுக்குச் சொன்னேன்.

ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான். அங்கே இருந்த வயதான மெக்கானிக்குக்கு ஆங்கிலம் தெரியாது. இயந்திரத்தை ஓட்ட அவர் சொன்ன வேகத்தை நான் இரண்டு மடங்காக்கிச் சொன்னேன். வெட்டும் கருவி உடைந்தது. கலேப்பின் கன்னத்தில் ஒரு சில்லு கீறிவிட்டுப் போனது. கண்ணில் படவில்லை. "நான்தான் சரியா கேக்கல போல, சாரிடா," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மெக்கானிக் அவன் கன்னத்துக்கு மருந்து போட்டுவிட்டு, அன்றிலிருந்து அவனை மகனே என்று கூப்பிட ஆரம்பித்தார்.

என்ன செய்தாலும் அது அவனுக்கு நல்லதாகவே போய் முடிந்தது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அவன்மேல் வெறுப்பு இருந்ததில்லை.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை புரொஃபசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் இருவரில் ஒருவரை மேலும் ஒரு வருடம் தன்னுடைய ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். என் ஜெர்மனை முதலில் பாராட்டினார். இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு சுத்தமாகப் பேசித் தான் கேட்டதில்லை என்றார். பிறகு, கலேப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்றார். "நல்ல செய்தி. அதை அவன் தன் தாய்மொழியில் கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவான். நீயே சொல்லிவிடு."

சொல்கிறேன் என்றேன். அன்று சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் மதியம் ஏரிக்குப் போனோம். ஊரிலிருந்து டிராமில் கடைசி நிறுத்தம், அதற்குப் பிறகு பைன் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடை. ஏரி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. கலேப் வாழ்நாளில் முதல் முறையாக அதைப் பார்க்கிறான். படகுத்துறையின் முனையில் ஒரு பழைய பலகை. படம் எதுவும் இல்லை, இரண்டு வரி எழுத்து மட்டும். பனி மேல் கால் வைக்கத் தடை, உயிருக்கு ஆபத்து என்று இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான்.

போனை எடுத்துக் காட்டியிருந்தால் அதுவே படித்துச் சொல்லியிருக்கும். நான் பக்கத்தில் இருக்கும்போது அவன் போனை எடுத்ததே இல்லை.

"மீன் பிடிக்கக் கூடாதாம். நடக்கலாம்," என்றேன்.

"நீயும் வாடா."

"நீ போ. நான் இங்கேர்ந்து வீடியோ எடுக்கறேன்."

எட்டு அடி போயிருப்பான். ஒரு சத்தம் கேட்டது, கண்ணாடி டம்ளரில் விரிசல் விடுகிற மாதிரிச் சின்னச் சத்தம். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தோள்வரை உள்ளே போனான்.

எதிர்க்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த நாட்டில் உதவி செய்யாமல் நிற்பதும் குற்றம். போலீஸ்காரர்கள் என்னை ஒரு அறையில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தி டீ கொடுத்தார்கள். அதிர்ச்சியில் உறைந்து நின்றுவிட்டேன் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வார்த்தையை நான் கொடுக்கவில்லை. அவர்களாகவே எனக்குக் கொடுத்தார்கள். பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, அவனுக்கு ஜெர்மன் தெரியாது என்றேன். அது உண்மைதான்.

சவப்பெட்டியோடு நான்தான் ஹைதராபாத் வந்தேன். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தனசிங் அங்கிள் என்னை ஹாலில் தனக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுடே. அந்தப் போலீஸ் காகிதத்துல என்ன போட்டிருக்கு? பிள்ள ரொம்ப கஷ்டப்பட்டானா?"

ஐவி ஆன்ட்டி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"இல்ல அங்கிள். விழுந்த உடனே நினைவு போயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. ஒரு நிமிஷம்கூட இல்ல."

ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதியும் கொடுத்தேன். மூலப் பிரதியைத் தூதரகம் கேட்கிறது என்று சொல்லி நானே வைத்துக்கொண்டேன். அன்று இரவு அவர்கள் தூங்கினார்கள் என்று எமி பிறகு சொன்னாள், மூன்று வாரத்தில் முதல் முறையாக. ஒரு நல்ல மொழிபெயர்ப்பால் என்ன செய்ய முடியும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தக் காகிதத்தை ஐவி ஆன்ட்டி பைபிளுக்குள் வைத்திருக்கிறார். தனசிங் அங்கிள் அதை மனப்பாடமாகச் சொல்லுவார்.

புரொஃபசர் அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார். நானாகக் கேட்கவில்லை. ஒரு வருடம் முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். கச்சிபௌலியில் வேலை அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அல்வாலில் அமைந்தன. என் அம்மா ஜலஜா, "சொந்த வீட்டுல ஒரு நாள் சாப்பிட மாட்டியா?" என்று குறைப்பட்டுக்கொள்வாள். அங்கே என்னை யாரும் வா என்று வற்புறுத்தவில்லை. ஆனால் சாப்பிடும் முன் தனசிங் அங்கிள் கண்ணை மூடி, "எடுத்த பிள்ளைக்குப் பதிலா ஒரு பிள்ளையக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்," என்று ஜெபிக்கும்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என்னை மட்டும். ஐவி ஆன்ட்டி சில நாள் மறந்துபோய்க் கலேப் என்றே கூப்பிடுவார். நான் திருத்துவதில்லை.

பேய் பிசாசு எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னச் சின்ன அசௌகரியங்கள் உண்டு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஆன்ட்டி ஐஸ்கட்டி போட்டு அதன்மேல் எலுமிச்சை ஜூஸ் ஊற்றுவார். ஐஸ் விரிசல் விடும். அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். எனக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கலேப்பின் அறையில் கொஞ்சம் படுப்பேன். எழுந்திருக்கும்போது என் இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு முறையும். பாக்கெட் வைக்காத பேன்ட் வாங்கிப் பார்த்தேன். அப்போது கைகள் தொடைக்கு அடியில் போய் ஒளிந்திருந்தன. மரத்துப்போய், விரல் நுனி நீலமாக. வெளியே மே மாதம், நாற்பத்திரண்டு டிகிரி.

ஆறு மாதமாக எமி என்னிடம் மூலப் பிரதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூதரகம் திருப்பித் தரவில்லை என்றேன். அவள் மறுபடி கேட்காமல் விட்டபோது, விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஜெர்மன் போலீசுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதிக் கேட்டால் குடும்பத்தாருக்கு நகல் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறு அங்கிளும் ஆன்ட்டியும் சபைக் கூட்டத்துக்கு இருந்துவிட்டார்கள். எமி மட்டும் வீட்டில். டைனிங் டேபிளில் காகிதங்களைப் பரப்பியிருந்தாள்.

"பிரசாத் அண்ணா, நீங்க டாடிக்கு எழுதிக் குடுத்தது ஒரு பேஜ். இது நைன் பேஜஸ்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஃபோன்ல டிரான்ஸ்லேட் பண்ணிட்டேன். அந்த லேடி லெவன் மினிட்ஸ் கேட்டிருக்காங்க. அவன் சத்தம். நீங்க படகுத்துறைல நின்னுட்டு இருந்தீங்கன்னு சொல்லியிருக்காங்க. கை ரெண்டும் ஜாக்கெட் பாக்கெட்ல."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"போர்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னும் இருக்கு. உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அவனுக்குச் சொன்னீங்களா?"

"வேற மாதிரி சொன்னேன்," என்றேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. புரொஃபசர் சொன்னதையும், நான் நடக்கலாம் என்று சொன்னதையும் அவளிடம் சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்ன இதே வரிசையில். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏழாவது பக்கத்தை எடுத்து என் பக்கம் திருப்பினாள்.

"எல்லாம் டிரான்ஸ்லேட் ஆயிடுச்சு. ஒரு வர்ட் மட்டும் ஆகல. அந்த லேடிக்கு லாங்குவேஜ் தெரியல, கேட்ட மாதிரியே சொல்லியிருக்காங்க. உங்க பேரு. அப்புறம் இது."

ஜெர்மன் எழுத்தில் அது நான்கைந்து முறை இருந்தது. எமிக்குத் தமிழ் படிக்க வராது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பிரசாத்... கைக்கு. கைக்கு."

வாசித்து முடித்ததும் நிமிர்ந்தாள். ஹைதராபாத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இங்கே உருது தெரிந்தவர், தெரியாதவர், எல்லாரும் ஏன் என்று கேட்க அதைத்தான் சொல்கிறோம். எமியின் உதடு மறுபடி அதே சொல்லுக்குக் குவிந்தது. இந்த முறை அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"கைக்கு, அண்ணா?"

அவளுக்கு நான் விளக்கினேன். அந்தப் பெண்மணி தூரத்தில் இருந்தார், தமிழ் தெரியாதவர், கேட்டது பாதி. அது கைக்கு இல்லை, கை குடு. குளிரில் பல் கிட்டிப்போனால் கடைசி எழுத்து வெளியே வராது. மொழி தெரிந்த யாருக்கும் இது புரியும். அவன் கேட்டது கையை மட்டும்தான்.

எமி போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனாள். அவள் யாரிடம் பேசினாள் என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் வந்திருப்பதால் உங்களிடம்தான் பேசியிருக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். பலகையை நான்தான் மாற்றிப் படித்தேன். தெரிந்தேதான். துறையின் ஓரத்தில் குப்புறப் படுத்து மஃப்ளரை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும், அதுவும் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லுகிறபடி எழுதுங்கள். கலேப் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. பதினோரு நிமிடமும் அவன் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தான்.