பின் சிலிண்டரின் சூடு

சூடேறிய என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, மேடம். உங்கள் காரில் தண்ணீர் உள்ளேயே சுற்றி வரும். எங்கள் மோட்டார் சைக்கிள்கள் காற்றில் ஆறுகிறவை. கொதித்துக்கொண்டிருக்கும் சிலிண்டரில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். டர்வுட் இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. காலமெல்லாம் கிரேன் ஓட்டியவன், பொறுமை என்பது அவனுக்குக் கிடையாது. அதனால்தான் அவனுடைய தண்ணீர்க் கேன்களை நான் எடுத்துக்கொண்டேன். அவை என் வண்டிப் பெட்டிக்குள் எப்படி வந்தன என்று காலையிலிருந்து விசாரிக்கிறீர்களே, இதுதான் பதில்.

நீடில்ஸ் ஊரில் எங்கள் பைக் கூட்டத்தைத் தெரியாதவர் இல்லை. முன்னால் கொரீன் போவாள். கடைசியில் நான். கடைசியில் வருகிறவன் மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யார் வண்டி நின்றாலும் அவன் ஒருவன்தான் நிற்பான். மற்றவர்கள் நிற்காமல் அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட வேண்டும். திரும்பி வரக்கூடாது. அந்தப் பாலைவனச் சாலையின் ஓரமெல்லாம் பொடிமணல், பாரம் கட்டிய வண்டியைத் திருப்பப் போய் விழுந்து கால் முறிந்தவர்கள் உண்டு. இந்தச் சட்டத்தைப் போட்டவளே கொரீன்தான். பின்னால் என்ன நடந்தது என்று கடைசி வண்டிக்காரன் சொன்னால் அதுதான் முடிவு.

டர்வுட்டின் வண்டி என் கைவேலை. நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்து தரச் சொன்னான். சிலிண்டரைப் பெரிதாக்கினேன். பெட்டிகள் மாட்டினேன். என்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கால் மறைப்பு வைத்து, அதற்குள் ஸ்பீக்கர் கேட்டான், வைத்தேன். அந்த மறைப்புகள் குளிர்காலத்துக்கானவை, என்ஜினுக்குப் போகும் காற்றைத் தடுக்கும், கோடையில் கழற்றிவிட வேண்டும். பாட்டு போய்விடும் என்று கழற்ற மாட்டேன் என்றான். ஆயிலை ஆற வைக்கும் கூலர் முன்னால் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்றான், அதையும் மறைப்புக்குப் பின்னால் தள்ளினேன். எல்லாம் அவன் கேட்டது. பெரிதாக்கிய சிலிண்டருக்கு அதற்கேற்ற பெட்ரோல் போக வேண்டும், குறைந்தால் என்ஜின் வேகும். அந்த அளவை வைத்தது மட்டும் நான். சரியாகத்தான் வைத்தேன்.

அன்றைக்குச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. கொடிக்காரன் நிறுத்திவிட்டான். எல்லோரும் என்ஜினை அணைத்தோம். டர்வுட் மட்டும் பாட்டுக்காக ஓடவிட்டிருந்தான்.

"அதை அணைச்சுத் தொலையேன் டர்வுட். உன் கச்சேரிய யாரு கேட்டா?" என்று கொரீன் கத்தினாள்.

"உனக்குப் பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்க. எனக்கு இங்க ரசிகன் இருக்கான்," என்று என்னைக் காட்டினான்.

அதன்பிறகு நீண்ட ஏற்றம். காற்று பின்னாலிருந்து அடித்தது. வண்டி போகிற வேகத்திலேயே காற்றும் கூட வந்தால் என்ஜின் மேல் எதுவும் படாது. அவனுடைய பின் சிலிண்டர் சூட்டில் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. அவன் ஓரம் கட்டினான். நானும் நின்றேன். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"தொடை வெந்துபோச்சுடா லோவெல். இது வண்டியா, அடுப்பா?"

"ஆறட்டும். நிழல்ல போய் நில்லு."

"எங்கடா இருக்கு நிழலு? உன் தொப்பைக்குக் கீழ வேணா கொஞ்சம் இருக்கு."

நான் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து பின் சிலிண்டரின் புகைக்குழாயைப் பார்த்தான். அது அளவுமீறிய சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அவன் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினான்.

"டெவின் வண்டியிலயும் நீ இதே வேலைதானே செஞ்ச?"

டெவின் கொரீனின் மகன். போன வசந்தத்தில் நேர்ச்சாலையில் விழுந்து செத்தான். ஓட்டும்போதே தூங்கிவிட்டான் என்று முடிவாயிற்று. என்ஜின் நன்றாக இருந்தது என்று பார்த்துச் சொன்னவன் நான். பிறகு அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

"அவன் தூங்கிட்டான். ஊருக்கே தெரியும்," என்றேன்.

"தூங்கினவன் வண்டிக் குழாயும் இப்படித்தான் நீலமா இருந்துச்சு. நான்தானே தூக்கி ட்ரக்ல போட்டேன். பிஸ்டன் இறுகி பின்சக்கரம் பூட்டிக்கிட்டா யாரா இருந்தாலும் விழுவான்டா." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "நான் கொரீன்கிட்ட பேசணும். செத்த புள்ளைய இன்னமும் திட்டிக்கிட்டிருக்கா, கண்ணு முழிச்சு ஓட்டத் துப்பில்லையேன்னு. தெரிஞ்சா அவளுக்கு மனசு ஆறும்."

கொரீன் என்னைப் பார்க்கப்போகிற பார்வை கண்முன்னே வந்து நின்றது. நான் பயந்தவன், மேடம். அதை மறைக்கவில்லை.

"பேசலாம். முதல்ல வண்டி ஆறட்டும்," என்றேன். பிளக் வயர்களைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவை இல்லாமல் வண்டி கிளம்பாது. சூட்டோடு கிளப்பினால் என்ஜின் இறுகிவிடும் அல்லவா. பிறகு கேன்களை எடுத்தேன்.

"டேய், தண்ணிய எங்க கொண்டுபோற?"

"என்ஜின் மேல ஊத்திருவ. உன்னைத் தெரியாதா எனக்கு? பங்க்ல ஐஸ் போட்டு எடுத்துட்டு வரேன்."

"அப்படியே ஒரு பீரும் வாங்கிட்டு வா. சீக்கிரம் வாடா, வறுபட்டுருவேன்."

அந்தப் பக்கம் போன் எடுக்காது. அவனுக்கும் அது தெரியும். நான் கிளம்பும்போது கையைத் தூக்கிக் காட்டினான். வண்டியின் ஓரத்தில் கிடந்த துண்டு நிழலுக்குள் ஒடுங்கி உட்காருவது பின்காட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

போகிற வழியெல்லாம் ஐஸ் வாங்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பங்கில் கொரீன் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கிழவன் எங்க?"

"வண்டி சூடு. மெதுவா வீட்டுக்கே திரும்பிப் போறேன்னு போயிட்டான்," என்று என் வாய் சொன்னது.

"தனியாவா? இந்த வெயில்லயா? நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்." ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"கொரீன், கடைசி வண்டி நான். நான் சொல்றேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "சரி. போற வழியெல்லாம் ஊரைக் கூட்டிப் பாட்டுப் போட்டுக்கிட்டுத்தான் போவான்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கண் சாலையை விட்டு நகரவில்லை. தூரத்தில் கானல் அசைந்தால்கூட அவன்தான் வருகிறான் என்று எழுந்து பார்த்தேன். யாராவது அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த பயம். திரும்பும்போது வேறு சாலை. கடைசி வண்டிக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. ஆனாலும் நீடில்ஸ் வரைக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாலை வேலைக்காரர்கள் உடலைக் கண்டெடுத்தபோது அவன் கால் மறைப்புகளைக் கழற்றிவைத்திருந்தான் என்றீர்கள். நல்லது. முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை. பங்க் இருக்கும் திசையில் நடந்து வந்து விழுந்திருக்கிறான் என்றும் சொன்னீர்கள். என்னை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பான்.

அவன் சாவான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தண்ணீரை எடுத்தபோதே தெரியும். வயரைப் பிடுங்கியபோதும் தெரியும். ஐஸ் என்றது அவனுக்காக மட்டும் இல்லை, எனக்கும் ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. டர்வுட்டைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். அவன் என்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகும்படி வைத்திருந்தது என்று வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். ஏற்றம், பின்காற்று, அந்தப் பாட்டு, இவைதான் காரணம். வெளியே கொரீன் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. டெவின் தூங்கித்தான் விழுந்தான் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பெற்றவளுக்கு அந்த நிம்மதியாவது மிஞ்ச வேண்டும்.